செய்கூலி, சேதாரம், ஆர்மீனியா

கல்யாணம் நிச்சயமான இளைஞனை ஆபீஸில் கண்டுபிடிப்பது சுலபம். லஞ்ச் முடிந்ததும் கால்குலேட்டரில் ஏதோ தட்டுவான். முகம் சுருங்கும். மறுபடி தட்டுவான். போன தடவை தப்பாகத் தட்டியிருப்போமோ என்று ஒரு நப்பாசை! இல்லை, சரியாகத்தான் தட்டியிருக்கிறான். கையில் இருப்பது நகைக்கடை எஸ்டிமேட்.

அந்தச் சீட்டைப் படித்திருக்கிறீர்களா? தங்கத்துக்கு அன்றைய விலை. அதன்மேல் சேதாரம் இத்தனை சதவீதம். அப்புறம் செய்கூலி. மொத்தத்துக்கும் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. சேதாரம் என்பது நகை செய்யும்போது தூளாகி, புகையாகிக் காணாமல் போகிற தங்கமாம். காணாமல் போவது என்னவோ நம்ம பணம்தான். 2021-ல் ஹால்மார்க் கட்டாயமானதிலிருந்து ஒவ்வொரு நகைக்கும் ஆறு இலக்கத்தில் ஓர் அடையாளக் குறி வேறு. நகைக்கும் ஆதார் வந்துவிட்டது, சார்!

அதே நகையை நாலு வருஷம் கழித்து மாற்றப் போங்கள். எடை போடுவார்கள். கல்லைக் கழிப்பார்கள். தங்கத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்துச் சொல்வார்கள். "செய்கூலி கொடுத்தேனே?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை, நிலாவைப் பிடித்துத் தரச் சொல்லும் குழந்தையைப்போல் பார்ப்பார்.

அடியேன் பி.காம். எங்கள் பாஷையில் சொன்னால் தங்கம் சொத்து, செய்கூலி செலவு. ஆடிட்டர்களும் மாமியார்களும் கருத்து வேறுபாடில்லாமல் ஒப்புக்கொள்கிற ஒரே விஷயம் இதுதான்.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டு, அதிலேயே பிழைத்த ஒரு ஜனம் உலகத்தில் இருக்கிறது. அவர்கள் கைவேலை ஒன்று பெரம்பலூர் வழியாக அரியலூர் வந்து, ஒரு கல்யாணத்தையே கொஞ்ச நேரம் ஆட்டி வைத்தது.

*

முதலில் இந்த இரண்டு ஊரைப் பற்றி. 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமாக ஆனது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனிக்குடித்தனம் போயிற்று. 2002-ல் சேர்த்து வைத்தார்கள். 2007-ல் மறுபடி தனிக்குடித்தனம். இப்படிப்பட்ட இரண்டு ஊர்களுக்கிடையே சம்பந்தம் பேசுவதற்குத் தனி தைரியம் வேண்டும். என் நண்பன் பேசினான். மாப்பிள்ளை பெரம்பலூர், வேலை சென்னையில். பெண் அரியலூர்.

நண்பனின் தங்கை ஆர்மீனியாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். தலைநகர் எரவான். இந்தியாவிலிருந்து நிறையப் பிள்ளைகள் மருத்துவம் படிக்க அங்கே போகிறார்கள். அண்ணன் நிச்சயதார்த்தத்துக்கு லீவு போட்டு வந்தவள், அண்ணிக்கு என்று ஒரு டாலர் கொண்டு வந்திருந்தாள். (அமெரிக்க டாலர் இல்லை. செயினில் தொங்குகிற டாலர்.)

வெள்ளியில் ஒரு மாதுளம்பழம். கட்டை விரல் நகம் அளவு. உச்சியில் மாதுளைக்கே உரிய சின்னக் கிரீடம். ஒரு பக்கம் வெடித்தாற்போல் திறந்திருக்க, உள்ளே சிவப்புக் கல் முத்து முத்தாக. மொத்தப் பழமும் தலைமுடி மாதிரி மெல்லிய வெள்ளிக் கம்பியாலேயே பின்னியது. சபையில் தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

பெண்ணின் பாட்டி வாங்கி, உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். நம் ஊர்ப் பாட்டிகளின் உள்ளங்கை எலக்ட்ரானிக் தராசைவிடக் கறார்.

"எத்தனை பவுனு?"

"பவுன் இல்லீங்க பாட்டி, வெள்ளி."

சபையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"வெள்ளிய கழுத்துல போடச் சொல்றீங்களா? வெள்ளி காலுக்குத்தானம்மா?" என்றார் பாட்டி. கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் பின் வரிசையிலிருந்து ஒரு சித்தப்பா, "ஃபாரின்ல படிக்கிற பொண்ணு, ஒரு அரைப் பவுன்லயாச்சும்..." என்று இழுத்தார். எந்தக் கல்யாணத்திலும் இப்படி இழுக்கிறதற்கென்றே ஒரு சித்தப்பா உண்டு. நண்பனின் அம்மா முகம் மாறியது. தங்கை எழுந்து திண்ணைக்குப் போய்விட்டாள்.

சமாதானத் தூதுவராக என்னை அனுப்பினார்கள். "மூணு மாசம் கைச்செலவுல மிச்சம் பிடிச்சு வாங்கினதுண்ணா. அவங்க அதைப் பார்க்கக்கூட இல்ல, தூக்கித்தான் பார்த்தாங்க" என்றாள்.

அந்தத் திண்ணையில் அவள் சொன்னதில் பாதியும், நான் அப்புறம் தேடிப் படித்ததில் பாதியும்தான் கீழே வருவது.

*

எரவானில் வெர்னிசாஜ் என்று ஒரு திறந்தவெளிச் சந்தை. சனி, ஞாயிறுகளில் களைகட்டும். நகை, கம்பளம், மரச்சாமான் என்று கைவேலையாக வைத்திருப்பார்கள். பல கடைகளில் செய்தவரே உட்கார்ந்து விற்கிறார். அங்கே எங்கு திரும்பினாலும் மாதுளைதானாம். நமக்கு மாங்காய் எப்படியோ அவர்களுக்கு மாதுளை அப்படி. நாம் மாங்காய் மாலை போடுகிறோம், புடவைக் கரையில் மாங்காய் நெய்கிறோம். அவர்கள் மாதுளையைக் கோயில் கல்லில் செதுக்குகிறார்கள், காதில் தொங்க விடுகிறார்கள். கல்யாணத்தில் மணப்பெண் மாதுளம்பழத்தை வீசி உடைப்பதுகூட உண்டு. முத்துக்கள் சிதறினால் குழந்தை குட்டியோடு வாழ்வாள் என்று நம்பிக்கை. அரியலூர் பாட்டிக்கு இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பவுன் கணக்கு வந்திருக்காது.

இன்னும் கேளுங்கள். அந்தக் கால ஆர்மீனியப் பெண்கள் நெற்றியில் வரிசையாகக் காசு கோத்துத் தொங்கவிட்டார்கள். நம் காசுமாலை கழுத்திலிருந்து ஒரு மாடி மேலே ஏறிவிட்டது, அவ்வளவுதான். இடுப்பில் வெள்ளி பெல்ட், நம்ம ஒட்டியாணம். கண் படாமலிருக்க நீல மணி, நம்ம திருஷ்டிப் பொட்டு. நூலையும் ஊசியையும் மட்டும் வைத்து முடிச்சுப் போட்டே பூ, நட்சத்திரம் என்று பின்னுகிற சரிகை வேலை ஒன்று உண்டு. முன்பு தலைத்துணிக்கும் மேஜை விரிப்புக்கும் ஓரம் கட்டியதை இப்போது காது ஜிமிக்கியாகவே செய்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட வேடிக்கை, எழுத்து. ஆர்மீனிய மொழிக்கு மெஸ்ரோப் மஷ்டோட்ஸ் என்கிற துறவி கி.பி. 405-ல் எழுத்து உருவாக்கினார். அந்த எழுத்துக்களை ஒவ்வொன்றாக வெள்ளியில் செய்து டாலராகப் போட்டுக்கொள்கிறார்கள். பெயரின் முதல் எழுத்து கழுத்தில். நாம் இனிஷியலை ரேஷன் கார்டில் திருத்துவதற்கே தாலுகா ஆபீஸுக்கு நாலு தடவை நடக்கிறோம்!

*

ஆர்மீனியா எங்கேயோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பாரிமுனையில் ஆபீஸ் இருப்பவர்கள் தினம் மிதிக்கிற ஊர் அது.

ஹைகோர்ட்டுக்கு எதிரே உள்ளே போகிற அரண்மனைக்காரத் தெரு தெரியுமல்லவா? பெரம்பலூர், அரியலூர் பக்கமிருந்து முதல்முதலாகப் பட்டணம் வருகிறவர்கள் அங்கே அரண்மனை எங்கே என்று தேடுவதுண்டு. அரண்மனையும் இல்லை, ராஜாவும் இல்லை. அது ஆர்மீனியன் தெரு. நம் ஜனங்களின் வாயில் 'ஆர்மீனியன்' புரண்டு புரண்டு 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டான். கொஞ்சம் தள்ளிப் பவளக்காரத் தெரு. அங்கே யூத வியாபாரிகள் பவளம் இறக்கி, வைரம் ஏற்றி அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் தங்கசாலைத் தெரு. அந்தக் கால ஜார்ஜ் டவுனைச் சுற்றிவந்தால் ஒரு நகைப்பெட்டியைச் சுற்றிவந்த மாதிரி.

அரண்மனைக்காரத் தெருவில் இன்றும் ஆர்மீனியன் சர்ச் நிற்கிறது. 1712-ல் எழும்பி, 1772-ல் இப்போதிருக்கும் இடத்தில் திரும்பக் கட்டப்பட்டது. மணிக்கூண்டில் ஆறு மணிகள். அதில் ஒன்றில் தமிழ் எழுத்தே இருக்கிறது. முற்றத்தில் நடந்தால் காலடியில் கல்லறைக் கற்கள். பட்டும் ரத்தினமும் விற்க வந்தவர்கள் அங்கே படுத்திருக்கிறார்கள்.

கிண்டிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சேதி. சைதாப்பேட்டையில் அடையாற்றைத் தாண்டுகிறீர்களே, அங்கே முதல் பாலத்தை 1726-ல் சொந்தப் பணத்தில் கட்டியவர் பெட்ரஸ் உஸ்கான் என்கிற ஆர்மீனிய வணிகர். இப்போதிருக்கும் மறைமலை அடிகள் பாலத்துக்கு முந்தைய மர்மலாங் பாலம் அது. பரங்கிமலைக்குப் படிக்கட்டு போட்டதும் அவர்தான். 1751-ல் சென்னையில் இறந்தார். உடலை வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள். அவருடைய விருப்பப்படி இதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்து, ஈரானில் இருக்கும் சொந்த ஊரான ஜூல்ஃபாவுக்குக் கொண்டுபோனார்கள். வேலைக்குப் போன இடத்தில் சம்பாதித்து அங்கேயே பாலமும் கட்டிக் கொடுத்த மனுஷனுக்கு, ஒரு கைப்பிடி அளவாவது ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று இருந்திருக்கிறது.

எங்கள் தொழிலிலும் அவர்கள்தான் முன்னோடி. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை வெளிவந்தது ஆர்மீனியாவில் இல்லை, நம்ம சென்னையில்! ஹாருத்யூன் ஷமாவோனியன் என்கிற பாதிரியார் 1794-ல் 'அஸ்தரார்' என்று தொடங்கினார். 18 இதழோடு 1796-ல் நின்றுவிட்டது. பத்திரிகை நடத்தினால் என்ன ஆகும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. நாம்தான் கேட்கவில்லை.

இப்போது சர்ச் நிர்வாகத்தைக் கொல்கத்தாவில் இருக்கும் ஆர்மீனியர்கள் கவனித்துக்கொள்கிறார்கள். தெருவில் ஆர்மீனியர் இல்லை. பெயர் மட்டும் அரண்மனையாக நிற்கிறது.

*

இவர்களுக்கும் செய்கூலிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வருகிறேன்.

உஸ்கானின் ஊரை ஜூல்ஃபா என்றேன். அது புது ஜூல்ஃபா. பழைய ஜூல்ஃபா அராஸ் நதிக்கரையில் இருந்தது. 1604-ல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அந்த ஊரையே காலி செய்து, ஜனங்களை இஸ்ஃபஹானுக்கு நடத்திக்கொண்டு போனார். போனவர்கள் போய்விட்டார்கள். பின்னால் இடுகாடு நின்றது. ஆயிரக்கணக்கில் செதுக்கிய சிலுவைக் கற்கள். 'கச்கார்' என்பார்கள். ஒவ்வொரு கல்லிலும் நம்ம கம்பிக் கோலம் மாதிரி முடிவே இல்லாமல் சுற்றிச் சுற்றிப் போகிற பின்னல். இந்தக் கல் செதுக்கும் கலையை யுனெஸ்கோ 2010-ல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தபோது பழைய ஜூல்ஃபாவில் கல்லே இல்லை. இப்போது அஜர்பைஜான் வசமிருக்கும் நகிச்சவான் பகுதி அது. மிச்சமிருந்த கற்களை 2005 டிசம்பரில் உடைத்துக் கொட்டுவதை, நதிக்கு இந்தப் பக்கம் ஈரான் கரையிலிருந்து படம் பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பின்னல் எரவான் சந்தையில் டாலராகக் கிடைக்கிறது. கல்லை உடைக்கலாம். லட்சம் பேர் கழுத்தில் தொங்குகிற சங்கதியை எப்படி உடைப்பது?

1915-ல் இன்னும் பெரிய கொடுமை. ஒட்டோமான் ஆட்சியில் ஆர்மீனியர்கள் ஊர் ஊராக விரட்டப்பட்டார்கள், பல லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பாலைவனம் வழியாக சிரியாவுக்கும் லெபனானுக்கும் போய்ச் சேர்ந்தவர்களிடம் வீடில்லை, நிலமில்லை. தங்கம் இருந்திருந்தாலும் வழியில் பறிபோயிருக்கும். என்ன மிச்சம்? கை மிச்சம்.

அந்தக் கையை வைத்துக்கொண்டு பிழைத்தார்கள். அனாதை விடுதிகளில் பெண் குழந்தைகள் சரிகை பின்னினார்கள், கம்பளம் நெய்தார்கள். விற்ற காசில் சாப்பாடு. பெய்ரூட் பக்கத்தில் பூர்ஜ் ஹம்மூத் என்கிற இடத்தில் அகதிகள் குடிசை போட்டார்கள். அதுவே ஊராகி, இன்றைக்கு அங்கே நகைப் பட்டறைகள் பிரசித்தம்.

பி.காம். படித்தவன் என்கிற முறையில் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கிறேன். எந்தத் தங்கத்தை நாம் சொத்துப் பக்கம் எழுதினோமோ, அது முதல் சோதனைச் சாவடியிலேயே போய்விட்டது. எந்தச் செய்கூலியைச் செலவுப் பக்கம் தள்ளினோமோ, அதுதான் எல்லை தாண்டியும் வந்து சோறு போட்டது.

*

மறுநாள் காலை. பாட்டிக்கு ஒரு சந்தேகம். இது வெள்ளிதானா என்பதே! "பத்தர்கிட்ட காமிச்சிருவோம்" என்றார். பாட்டி, நண்பன், தங்கை, நான் என்று நாலு பேரும் கிளம்பினோம்.

அரியலூரில் ஒரு சந்து. வாசலில் சிமென்ட் லாரிப் புழுதி. உள்ளே எழுபது வயதுப் பத்தர். முன்னால் உரைகல், குறடு, ஊதுகுழல், சின்னத் தராசு. அவரிடம் இப்போது வருவதெல்லாம் அறுந்த கொலுசு, காது குத்து, கழன்ற திருகாணி. முழு நகை செய்யச் சொல்லி ஆள் வந்து வருஷக்கணக்காச்சாம்.

டாலரை வாங்கினார். உரைகல் பக்கமே போகவில்லை. கண்ணில் லென்ஸை மாட்டி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"யாரு செஞ்சது இது?"

"ஆர்மீனியாவுல வாங்கினதுங்க ஐயா" என்றான் நண்பன்.

"ஊரைக் கேக்கல தம்பி. ஆளைக் கேக்கறேன்."

தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரு வயசானவரு தாத்தா. அவரே செஞ்சு, அவரே விக்கிறாரு."

"இடது கைக்காரனா?"

"ஆமா! இடது கையாலதான் சீட்டு எழுதினாரு. எப்படித் தெரியும் தாத்தா?"

"முறுக்கு எதிர்ப்பக்கமா ஓடுதும்மா" என்றார் பத்தர். அப்புறம் எங்களுக்குப் பாடமே எடுத்தார். ஓட்டை போட்ட இரும்புத் தகட்டில் பெரிய ஓட்டை, அடுத்த சின்ன ஓட்டை என்று இழுத்து இழுத்துக் கம்பியை மெலிய வைக்க வேண்டும். இரண்டு கம்பியைச் சேர்த்து முறுக்கித் தட்டையாக்க வேண்டும். அதைச் சுருட்டி, சட்டத்துக்குள் அடுக்கி, பற்றவைக்கும் பொடியையும் வெண்காரத்தையும் தூவி, ஊத வேண்டும். ஒரு மூச்சு அதிகமாக ஊதினால் பத்து நாள் வேலை ஒரு சொட்டு வெள்ளியாக உருண்டுவிடும். தெலங்கானாவில் கரீம்நகரிலும், ஒடிசாவில் கட்டாக்கிலும் இந்தக் கம்பி வேலைக்குப் பெயர் பெற்றவர்கள் இருக்கிறார்கள். இரண்டுமே புவிசார் குறியீடு வாங்கியவை.

"நம்ம பக்கத்துல?" என்றேன்.

"அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குக் குடுத்திருக்காங்களே" என்றார். வாஸ்தவம். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூருக்கு 2020-ல் கிடைத்தது. "மரத்துக்காவது கிடைச்சுதே, சந்தோஷம்தான்."

அவருக்கு எட்டு வயசு இருக்கும்போது, 1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்தது. மொரார்ஜி தேசாய் நிதி மந்திரி. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று விதி. நாடு முழுக்கப் பத்தர்கள் வேலை இழந்தார்கள், தற்கொலைகள்கூட நடந்தன. "எங்கப்பா பட்டறையச் சாத்திட்டு மூட்டை தூக்கப் போனாரு. கையெல்லாம் காச்சுப் போச்சு. காச்ச கையில கம்பி நிக்காது தம்பி" என்றார். சட்டம் 1990-ல் போய்விட்டது. அதற்குள் அப்பாவும் போய்விட்டார். அப்புறம் மெஷின் நகை வந்தது.

மகன் என்ன செய்கிறார்? ஒரு பாங்க்கில் அடகு நகை மதிப்பிடுகிறார். "உரசிப் பாக்கத் தெரியும். உருவாக்கத் தெரியாது. அவனச் சொல்லிக் குத்தமில்ல, உரசறதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க."

பாட்டி இதுவரை பேசவில்லை. இப்போது கேட்டார். "பத்தரே, இந்த மாதிரி உங்களுக்கு வருமா?"

"வேலை வரும்மா. கண்ணுதான் வரணும்."

"நான் புடிச்சுக்கறேன் தாத்தா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். காலேஜில் படிக்கிற பேத்தி.

பாட்டி அங்கேயே முடிவெடுத்தார். நாத்தனார் சீருக்குப் பதில் சீர் செய்ய வேண்டாமா? எரவானுக்குத் திரும்பப் போகிற பெண்ணுக்கு இதே கம்பி வேலையில் ஒரு மாங்காய் டாலர்! ஆனால் வெள்ளியைக் கழுத்தில் போடலாமா என்கிற சங்கடம் பாட்டிக்குப் போகவில்லை. பத்தர் சிரித்தார்.

"முலாம் பூசிரலாம்மா. நம்ம கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டுல 2022-ல தோண்டுனாங்கல்ல, என்ன கிடைச்சுது? தங்க முலாம் பூசுன செப்புக் காப்பு, ஒரு துண்டு. ராஜா வீட்டுலயே செம்புக்குத்தான் முலாம் பூசியிருக்கான். உங்களுக்கு என்ன?"

ராஜேந்திர சோழனே ஒத்துக்கொண்ட பிறகு பாட்டி எதற்கு ஆட்சேபிக்கப் போகிறார்!

*

பதினோரு நாள் ஆயிற்று. நண்பனுக்கு லீவு இல்லாததால் வாங்கிவரப் போனவன் நான்.

மாங்காய் என் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. வளைந்த மூக்கு, உள்ளே சுருள் சுருளாகக் கம்பி. மாங்காயின் வயிற்றில் ஒரு சின்ன மாதுளைப் பூ. "அது பேத்தி செஞ்சது. லேசா கோணல். மாத்தச் சொன்னேன், மாட்டேன்னுட்டா" என்றார் பத்தர். கூடவே ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் துணுக்குத் துணுக்காக வெள்ளி. "இது மிச்சம். உங்க வெள்ளி, எடுத்துக்கங்க." சேதாரத்தைத் திருப்பிக் கொடுத்த பில்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பில் என்றால் பென்சிலால் எழுதிய துண்டுக் காகிதம். வெள்ளிக்கு இவ்வளவு. முலாமுக்கு இவ்வளவு. செய்கூலி என்று எழுதி எதிரே ஒரு கோடு.

"போடலையே ஐயா?"

"நீங்களே பார்த்துக் குடுங்க தம்பி."

இந்த 'பார்த்துக் குடுங்க' இருக்கிறதே, தமிழில் இதைவிட ஆபத்தான வார்த்தை கிடையாது. ஆட்டோக்காரர் சொன்னால் நமக்கு ஆபத்து. கைவேலைக்காரர் சொன்னால் அவருக்கு ஆபத்து. நாம் பேசாமல் இருந்தால் அவர் நஷ்டப்படுவார், நன்றி வேறு சொல்லுவார். காஸ்ட் அக்கவுண்டிங் மூன்று வருஷம் படித்ததற்கு ஒரு நாளாவது பிரயோஜனம் வேண்டாமா? காகிதத்தை வாங்கினேன்.

"பக்கத்துல வீடு கட்டறாங்களே, கொத்தனாருக்கு என்ன கூலி?"

"ஆயிரம் ரூபா."

"உங்களுக்கு எத்தனை நாளாச்சு?"

"பதினொன்னு."

பெருக்கி எழுதினேன். பதினோராயிரம். பேத்தியின் நாட்களைத் தனியாகக் கேட்டேன். அதையும் கூட்டுவதற்குள் பத்தர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, வெள்ளி விலைக்கு மேல பல மடங்கு வருதே! கூலியப் பார்த்தா ஊர் சிரிக்கும்."

"ஐயா, அந்த இடது கைக்காரர் இப்படித்தான் விக்கிறாரு. அந்த மாதுளையில வெள்ளி எவ்வளவு இருக்கும்னு நீங்கதானே எடை போட்டுச் சொன்னீங்க? அந்தப் பொண்ணு மூணு மாசம் சேர்த்துக் கொடுத்தது வெள்ளிக்கா, கைக்கா?"

பத்தர் பதில் சொல்லவில்லை. பேத்திதான் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு தன் பங்குக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். ஆறு. அரை நாள்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

விவரம் கேட்ட நண்பன் போனில் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தான். பெருமூச்சு கேட்டது. பணம் வந்துவிட்டது. பதில் சீர் எங்கள் செலவு என்று பாட்டி அடம்பிடித்ததில் பாதி அவனுக்கே திரும்பியும் விட்டது.

கல்யாணத்தில் பெண்ணின் கழுத்தில் தாலிக்கொடி, அட்டிகை, காசுமாலைக்கு நடுவே சின்னதாக ஒரு வெள்ளி மாதுளை. நண்பனின் தங்கை கழுத்தில் மாங்காய். பந்தியில் பாட்டிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த அம்மாள் அதை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நல்லாருக்கே! எத்தனை பவுனு?"

பாட்டி அப்பளத்தை ஒடித்தபடியே சொன்னார்.

"பதினோரு நாளு."